பிளாஸ்டிக் தாளை உரிக்காத பூவராகன்

ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி தன் முகத்தைத் தானே பார்த்துத் திடுக்கிட்ட கதை இது. அந்த இடம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆனால் அது கடைசியில்தான் வரும். இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பல் காய்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பன்றியின் பெயர் பூவராகன். தொழில், குறை சொல்வது. காட்டில் யார் எதை வாங்கினாலும் அவர் முதலில் முகர்ந்து, முட்டி, மேலே உட்கார்ந்து பார்த்து, "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும். "நல்லாயிருக்கு" என்று எதையும் சொன்னதில்லை. சொன்னால் விமர்சகர் என்ற மரியாதை என்னாவது?

அந்தக் கோடையில் ஒரு சிக்கல். காடு இரண்டு, குட்டை ஒன்று. முன்பெல்லாம் முட்டி மோதித் தீர்த்துக்கொள்வார்கள். நாகரிகம் வளர்ந்துவிட்டதால் இப்போது கேம் ஆடித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஜெயிக்கிற காட்டுக்குக் கோடை முழுக்கக் குட்டை. தோற்கிற காட்டுக்குத் தொங்கவிட நாக்கு.

நம் காட்டுக்காக ஆடுவது குழலி என்ற முயல். அவளுடைய பழைய லேப்டாப்பில் வலது பக்கம் போகிற பட்டன் செத்துப்போயிருந்தது. இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றித்தான் இறுதிப் போட்டி வரை வந்திருந்தாள். இதற்கு மேல் சுற்ற முடியாது என்று காடே கூடி ஒரு கேமிங் லேப்டாப் வரவழைத்தது. நடுத்தர விலை. அதாவது, வாங்குகிறவன் "இவ்வளவா?" என்பான், பக்கத்து வீட்டுக்காரன் "இவ்வளவுதானா?" என்பான்.

பிடிக்காவிட்டால் போட்டி நாள் மதியத்துக்குள் திருப்பி அனுப்பலாம். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் மட்டும் உரியக் கூடாது.

"அப்ப உரிக்காமலே பார்த்துடுவோம்" என்றார் பூவராகன்.

"மாமா, உரிக்காம எப்படித் தெரியும்?" என்றாள் குழலி.

"பாப்பா, எங்க வீட்டு சோபாவே இன்னும் கவருக்குள்ளதான் இருக்கு. உட்கார்ந்தா வழுக்கும். ஆனா புதுசு!"

முதலில் பூசை போட்டார். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். திரைக்கு மேலே, சரியாக நெற்றி நடுவில், பொட்டு வைக்கத் தோதாக ஒரு சின்ன வட்டம் இருந்தது. அது கேமரா.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிளை. கிளையில் கிட்டான் என்கிற கரிச்சான் குருவி. பள்ளிக்கூடம் போகிற வயது, போகாத பழக்கம். பருந்து, பூனை, போலீஸ் விசில், யார் குரல் வேண்டுமானாலும் அவன் தொண்டையில் தயார். பூவராகன் பட்டனை அழுத்தியதும் ரயில் நிலைய அறிவிப்புக் குரலை எடுத்தான்.

"வணக்கம் ஐயா. தங்கள் லேப்டாப் பேசுகிறேன்."

பூவராகன் இரண்டடி பின்னால் போனார். "பேசுதே!"

"எனக்குப் புழுங்குகிறது. தயவுசெய்து விசிறவும்."

காற்று போகிற ஓட்டையையும் தாள் மூடியிருந்ததால் அது நிஜமாகவே கொதித்தது. பூவராகன் ஒரு தேக்கிலையைப் பிடுங்கி விசிறினார்.

"ஒரு பாட்டுப் பாடினால் தேவலை."

பாடினார். தூரத்தில் ஒரு மான் கூட்டம் இடம் மாறியது.

"மிக்க நன்றி. நிறுத்தியதற்கு."

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? இது இல்லை. பொறுங்கள்.

போட்டி நாளும் வந்தது. காடு கூடியது. பூவராகன் லேப்டாப்புக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"மூடியைத் திறக்க ரெண்டு காலும் ஒரு மூக்கும் வேணும். திரை, மார்கழி மாசத்துக் காலை. ஒரே பனிமூட்டம். கீபோர்டுல ஏழு கலர் விளக்கு, திருவிழா சீரியல் செட் தோத்துது. ஆனா தட்டினா சருகுல நடக்கிற சத்தம். சூட்டுல தோசை ஊத்தலாம், திருப்பிப் போடவே வேணாம். கேமராவுல எவன் நின்னாலும் செக்கச்செவேல்னு இருக்கான். லேப்டாப்பை மடியில வைக்கலாம், செங்கல் மாதிரி இருக்கே சார்ஜர், அதை யார் மடியில வைக்கிறது? பேச்சுல மரியாதை உண்டு. ஆனா வேலை வாங்குது. திருப்பி அனுப்பிடலாம்."

"மாமா, தாளை உரிச்சுட்டு ஒரே ஒரு தடவை பாருங்களேன்" என்று குழலி கெஞ்சினாள். "இது போனா நான் மறுபடியும் இடது பக்கமாவே சுத்தணும். தோத்தா குட்டை போச்சு!"

"உரிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்க பாப்பா."

"திருப்பவே வேணாம்னுதானே சொல்றேன்!"

"அதுக்காக? திருப்பித் தர்ற உரிமையை விட்டுட முடியுமா?"

காடு தலையாட்டியது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பைத் திருப்பி எடுத்துப்போகக் கூரியர் பருந்து வந்து இறங்கியது. "தாளெல்லாம் அப்படியே இருக்கா?"

"ஒரு சுருக்கம்கூட இல்லை" என்றார் பூவராகன், பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல.

கிளையில் கிட்டானுக்குத் தொண்டை வறண்டது. குரல் மாற்றுகிறவனுக்கு முதல் தேவை தண்ணீர். குட்டை போனால் தொழில் போச்சு. இறங்கிப் போய் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. பழகிய வேலையையே செய்தான்.

"வணக்கம் ஐயா. புறப்படும் முன் ஒரு கடைசி ஆசை. என் தாளைத் தாங்களே உரிக்க வேண்டும்."

பூவராகன் பருந்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். முயல் கெஞ்சினால் முடியாது என்று சொல்லலாம். பொருளே கேட்டால்?

"லேப்டாப் பேசுமா?" என்றது பருந்து.

"இந்த மாடல் பேசும் தம்பி."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கோரைப்பல்லை ஓரத்தில் கொடுத்து இழுத்தார். சர்ர்ர்ர். காடே "ஐயோ" என்றது. திரைத் தாள் வந்தது, குங்குமத்தோடு. கீபோர்டுத் தாள் வந்தது. அடித்தாளும் வந்ததும் உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விட்டது.

"இனி இது உங்க சரக்கு" என்று பருந்து பறந்துவிட்டது. குழலி பாய்ந்து வந்து வலது பட்டனைத் தட்டினாள். வலது பக்கம் போனது. எழும்பிக் குதித்தாள். குதித்த வேகத்தில் கேமரா பட்டன் அழுந்தியது.

பூவராகன் கண்ணைத் திறந்தார்.

பனிமூட்டம் இல்லை. சிவப்பு இல்லை. கண்ணாடி மாதிரித் திரை. அதில் ஒரு பெரிய பன்றி முகம், பல்லில் தொங்குகிற பிளாஸ்டிக், மூக்கு நுனியில் குங்குமம். முகத்துக்குப் பின்னால் ஒரு கிளை. கிளையில் ஒரு இரட்டைவால் குருவி.

"மிக்க நன்றி ஐயா" என்றது லேப்டாப். திரையில் குருவியின் அலகு திறந்து மூடியது.

பூவராகன் அசையவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார், ரொம்பப் பணிவாக.

"எதை ஐயா?"

அலகு திறந்து மூடியது.

"டேய் கிட்டான்" என்றார் பூவராகன், திரும்பாமலே.

நீதி: புதுப் பொருளின் பிளாஸ்டிக் தாளை எக்காரணம் கொண்டும் உரிக்காதீர்கள். உரித்தால் அது ஒழுங்காக வேலை செய்து தொலைக்கும். உங்கள் முகமும் தெளிவாகத் தெரியும்.