சாப்பாட்டு நேரத்தில் நின்ற லிஃப்ட்

இரண்டாவது மாடியைத் தாண்டிய லிஃப்ட், முதல் மாடி வரைக்கும் போகாமல் நடுவிலேயே ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் அரசு ஊழியர் சங்கச் செயலாளர்.

"ஒண்ணும் ஆகலை தோழர். சாப்பாட்டு நேரம்."

லிஃப்ட்காரர் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முக்காலியில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, அதற்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மடியில் வைத்தார்.

கீழே சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு தொடங்கப்போகிறது. அரசு ஊழியர்கள் மத்தியானம் அரை மணி நேரம், யாரும் கூப்பிடாமல், உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லும் மசோதா. அதற்காகத்தான் அவர் செருப்புத் தேய ஒவ்வொரு உறுப்பினர் வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒருவர் வீட்டு நாய்க்குக்கூட அவரைப் பார்த்தால் வால் ஆட்டும் அளவுக்குப் பழக்கம்.

இத்தனைக்கும் காரணம், குடிநீர் வாரியத்தில் அவர் பக்கத்துக் கவுண்டரில் பணம் வாங்கும் அம்மா. சர்க்கரை வியாதிக்காரர். வரிசை நீண்டுகொண்டே போன ஒரு மத்தியானம், சாப்பிட எழுந்திருக்க முடியாமல், மயங்கி மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். வரிசையில் முதலில் நின்றவர் எட்டிப் பார்த்து, "அப்ப நான் எந்தக் கவுண்டருக்குப் போகணும்?" என்று கேட்டார். அன்றைக்குச் செயலாளருக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

லிஃப்டுக்குள் மூன்றாவதாக ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். அவரை எல்லோரும் ஊசல் என்பார்கள். காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம். ஆனால் ஓட்டு ஓட்டுதானே! ஊசலைச் சேர்த்தால் மசோதாவுக்கு ஒரு ஓட்டு அதிகம். ஊசல் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் சபாநாயகர் முடிவு செய்வார். சபாநாயகரோ "அமைதி, அமைதி" என்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவர். அவரை நம்பி எப்படி இறங்குவது? அதனால்தான் ஊசலை மூன்றாம் மாடி அறையிலிருந்து கையோடு அழைத்து வரும் பொறுப்பைச் செயலாளரே எடுத்துக்கொண்டார்.

"நான் உங்க பக்கம்தான். கவலையே படாதீங்க" என்று ஊசல் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

"தோழர், விளையாடாதீங்க. சாரைக் கீழே கொண்டுபோய் விட்டுட்டுச் சாப்பிடுங்க" என்றார் செயலாளர்.

லிஃப்ட்காரர் மூடியைத் திறந்தார். "நீங்க அனுப்பின சுற்றறிக்கைதானே தோழர்? 'மசோதா நிறைவேறும் வரைக்கும் எல்லோரும் முழு அரை மணி நேரம் சாப்பிட வேண்டும். கூரையே இடிந்து விழுந்தாலும் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைக்கக் கூடாது.' படிச்சிட்டு எனக்கு அழுகையே வந்துச்சு. என்னா எழுத்து!"

செயலாளர் சுற்றறிக்கை எழுதுவதில் மன்னர். மின்விசிறியை அணைப்பதற்குக்கூட ஒன்று எழுதியவர். எழுதியதற்காக வருத்தப்பட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவசர மணியை அழுத்தினார். கட்டடமே அதிரும்படி அது அலறியது. கீழேயிருந்து ஒரு குரல், வாயில் சோற்றோடு, "யாருய்யா அது, சாப்பிடுற நேரத்துல?" என்றது. செயலாளர் விரலை எடுத்தார். மணி நிற்கவில்லை, பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கீழ்க்குரல்காரர், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். மணி நின்றது. கூடவே லிஃப்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றது.

"இருந்த காத்தும் போச்சு" என்றார் ஊசல்.

செயலாளர் சங்கத் தலைவருக்கு ஃபோன் போட்டார். தலைவர் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். ஃபோன் வாசலில் காவலரிடம் இருந்தது. துணைச் செயலாளர் எடுத்தார். எடுத்ததும் மெல்லுகிற சத்தம்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுக் கூப்பிடுறேன். உங்க உத்தரவு."

செயலாளர் நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "செயலாளர்ங்கிற முறையில சொல்றேன். அந்தச் சுற்றறிக்கையை இந்த நிமிஷமே ரத்து பண்றேன்."

"அது முடியாதே தோழர். செயற்குழு கூடித்தான் ரத்து பண்ணணும்னு போன மாநாட்டுல நீங்கதான் தீர்மானம் கொண்டுவந்தீங்க. நான்கூட ரெண்டு கையையும் தூக்கினேன்."

செயலாளரைவிட அதிகமாகத் தவித்தவர் ஊசல்தான். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். ஊழியர்கள்மேல் இவ்வளவு பாசமா என்று செயலாளருக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனைப் போய் ஊசல் என்கிறார்களே!

"யோவ்! நான் இப்ப அங்க போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?" என்று ஊசல் கத்தினார்.

"தெரியும் சார்" என்றார் லிஃப்ட்காரர். "உருளைக்கிழங்கு எடுத்துக்கறீங்களா?"

ஊசல் முதலில் முறைத்தார். வாசனை அவரை இரண்டாவது தடவை முறைக்க விடவில்லை. ஒரு துண்டு எடுத்தார். அப்புறம் டப்பாவின் மூடியையே தட்டாக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பிரமாதம்யா. யார் சமையல்?"

"வீட்டுச் சமையல்தான் சார். அந்தம்மா காதுல விழுந்தா ரொம்ப சந்தோஷப்படும்."

செயலாளருக்கு உருளைக்கிழங்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கம்பிக்கதவைப் பிடித்து இழுத்தார். அது திறந்துகொண்டது. எதிரே சுவர். யாரோ எந்தக் காலத்திலோ சுண்ணாம்பில் எழுதிய ஒரு அம்புக்குறி மட்டும் மேலே போகச் சொன்னது. கதவை மூடப் பார்த்தார். வரவில்லை.

"கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஓடாது தோழர்" என்றார் லிஃப்ட்காரர், வருத்தத்தோடு. "கை கழுவினதும் சரி பண்ணித் தரேன். கவளம் கையில இருக்கு பாருங்க."

செயலாளர் தலையில் கை வைத்து மூலையில் உட்கார்ந்தார். வீட்டு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்காகப் போராட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மத்தியானம் சாப்பிட்டதே இல்லை. துணிப்பையை மனைவி கட்டிக் கொடுத்தபடியே திருப்பிக் கொண்டுபோவார். உள்ளே இருக்கும் டப்பா வட்டமா சதுரமா என்று கேட்டால்கூட அவருக்குச் சொல்லத் தெரியாது. வயிற்றுப் புண் என்று டாக்டர் வேறு எச்சரித்தாகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் சோறு போட அலையறீங்க. இன்னைக்கு டப்பா காலியா வரலைன்னா, நாளையிலிருந்து காலி டப்பாவைத்தான் கட்டித் தருவேன்" என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பையோடு உள்ளே விட மாட்டேன் என்று காவலர் மறித்ததும், அவசரத்தில் யாரோ ஒரு தோழரிடம் அதைத் திணித்துவிட்டு ஓடிவந்தார். யாரிடம் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை.

மசோதாவும் போச்சு, டப்பாவும் போச்சு. அந்தக் கவுண்டர் அம்மாவின் முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பது? அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

லிஃப்ட்காரர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். கம்பிக்கதவைக் கீழே லேசாக ஒரு உதை விட்டார். அது தானாக வந்து மூடிக்கொண்டது. சாவியைப் போட்டதும் லிஃப்ட் ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கியது.

கீழே கதவு திறந்தபோது காவலர் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அண்ணே போயிட்டீங்க? ஓட்டெடுப்பு முடிஞ்சுபோச்சு!"

"தோத்துட்டமா?"

"ரெண்டு பக்கமும் சமம். எல்லாரும் சபாநாயகரைப் பார்த்தாங்க. அவரு சாப்பிடாம உட்கார்ந்திருந்தாரா, வயிறு கூவினது மைக்குல கேட்டுச்சு. 'மசோதாவுக்கு ஆதரவு, சபை ஒத்திவைக்கப்படுகிறது'ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு எழுந்து ஓடிட்டாரு. ஜெயிச்சுட்டோம்ணே!"

செயலாளர் காவலரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஊசலின் முகம் ஒரு கணம் தொங்கியது. அடுத்த கணமே சரியானது.

"நான்தான் சொன்னேனே, நான் உங்க பக்கம்னு!" என்று செயலாளர் கையைக் குலுக்கிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மசாலாவைத் துடைத்துக்கொண்டே வேகமாக நடந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் லிஃப்டுக்குத் திரும்பி வந்தார். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், கேட்காமல் விடுவதா?

"ஏன் தோழர், நம்ம கூடவே நின்ன மனுஷனோட ஓட்டை இப்படி வீணாக்கிட்டீங்களே! சபாநாயகருக்குப் பசிக்காம இருந்திருந்தா நம்ம கதி என்ன?"

"காலையில அந்த சார் எதிர்க்கிறவங்களோட இதே லிஃப்ட்லதான் மேல போனாரு" என்றார் லிஃப்ட்காரர். "'கடைசி நிமிஷத்துல எதிர்த்து ஓட்டுப் போடுறேன், அப்ப அந்தச் செயலாளர் மூஞ்சியைப் பாருங்க'ன்னு சொல்லி ஒரே சிரிப்பு."

ஊசல் குலுக்கிவிட்டுப் போன கையைச் செயலாளர் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, உங்க சாப்பாட்டு நேரம் சரியா அந்த நேரம் பார்த்து வந்துச்சு."

லிஃப்ட்காரர் முக்காலிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார். "எனக்குச் சாப்பாட்டு நேரம் இனிமேதான் தோழர்; இந்தாங்க உங்க டப்பா, கழுவி வெச்சுட்டேன், உருளைக்கிழங்குல உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மின்னு அண்ணிகிட்ட சொல்லுங்க."