நனையாத பம்பு

பொத்திக் காப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொருளை வாங்குவார், துடைப்பார், மூடுவார், நாலு பேருக்குத் திறந்து காட்டுவார், மறுபடியும் மூடுவார். அதனால் ஏதாவது வேலை நடக்குமா என்று கேட்டீர்களோ, அவர் முகம் சுண்டிப்போகும்.

அரூரில் ஏரிக்கரையை ஒட்டிக் குடியிருந்த மாதேஸ்வரனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்கு அடியில் கல் கட்டிய நிலவறை. வருஷத்துக்கு வேண்டிய கேழ்வரகு மூட்டையெல்லாம் அதற்குள்தான். ஏரி நிரம்பினால் நிலவறையில் ஊற்றெடுக்கும். போதாக்குறைக்கு யுத்த காலம், கடையில் தானியம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே தண்ணீரை இறைத்துத் தள்ளுவதற்கென்று சேலம் வரைக்கும் போய் ஒரு கைப்பம்பு வாங்கிவந்து, நிலவறை வாயிலில் பொருத்தினார்.

அன்றிலிருந்து அதற்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடந்திராது. காலையில் எழுந்ததும் கைப்பிடிக்குத் தேங்காயெண்ணெய், வெள்ளிதோறும் விபூதிப் பட்டை, ஆயுத பூஜைக்கு மாலையும் பொரிகடலையும், மேலே சலவை வேட்டி, வேட்டி அழுக்காகாமல் இருக்க அதற்கும் மேலே ஒரு கோணிப்பை! பாத்திரம் கழுவும்போது அதன்மேல் ஒரு துளி தெறித்தால் போதும், வீடு இரண்டுபட்டுவிடும்.

"ஒருக்கா தண்ணி ஊத்தி அடிச்சுத்தான் பாருங்களே," என்பாள் மனைவி காசியம்மாள்.

"நல்லாருக்கற சாமான எதுக்குடி நோவடிக்கச் சொல்ற?"

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விடிந்து பார்த்தால் நிலவறையில் கணுக்கால் தண்ணீர். மாதேஸ்வரன் முகத்திலோ கல்யாணக் களை! கோணியை நீக்கினார், வேட்டியை மடித்து வைத்தார், சூடம் கொளுத்தினார், பார்ப்பதற்கு அக்கம்பக்கத்தாரை அழைத்துவந்தார் (இதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது), அப்புறம் கைப்பிடியை அழுத்தினார்.

புஸ்!

மறுபடியும் அழுத்தினார். காற்றுதான் வந்தது.

லாரி ரிப்பேர் செய்யும் சென்னப்பன் ஓடிவந்து கழற்றினார். உள்ளேயிருந்த தோல் வாஷர் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கியது.

"வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி அடிச்சிருந்தா தோலு பதமா இருந்திருக்குமுங்க."

"தண்ணி பட்டா துருப் புடிச்சுக்காதா சென்னப்பா?" என்றார் மாதேஸ்வரன். சத்தியமாக இதைத்தான் கேட்டார்!

காசியம்மாள் அதற்குமேல் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு உள்ளே இறங்கினாள். பக்கத்து வீட்டுச் சாலம்மாளும் தெருப் பெண்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, குடம் குடமாகக் கைமாற்றி, உச்சிவேளைக்குள் தண்ணீரை வற்றவைத்தார்கள். மூட்டைகளில் பாதிதான் தேறியது. அடியில் கிடந்ததெல்லாம் ஊறி உப்பிவிட்டது.

"தை வரைக்கும் எம்புள்ளைங்களுக்கு என்னத்தக் களி கிண்டிப் போடுவேன்?" என்று காசியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறீர்கள்? குடங்களிலிருந்து பம்பின்மேல் சிந்திய தண்ணீரை ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் நிலவறையே கிடையாது என்று சிரிக்கிறீர்களாக்கும்? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் கொட்டுகிற மழையில், புதுக்குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பலாக நனைந்து ஓடினீர்களே, அதை யாரும் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?