எகிப்தண்ணைக்கு ஒரு நம்பர்

லண்டனில் அன்றைக்கு நடமாடிய அத்தனை பேரிலும் வேகமான மனிதர் எகிப்தண்ணைதான். அதே லண்டனில் எந்த இடத்துக்கும் ஒருநாளாவது நேரத்துக்குப் போய்ச் சேராத மனிதரும் அவரேதான். நம்பாதவர்கள் பிளேஸ்டோவில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த எவரையும் கேட்கலாம்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் கடைசிப் பகுதி அது. அந்த வீட்டில் நாங்கள் ஐந்து யாழ்ப்பாணத்தார். ஆறாவது ஆள் அவர், நெடுநெடுவென்று வளர்ந்த எகிப்தியர். சிவத்தாரின் மரக்கறிக் கடையில் அவருக்கு வேலை. சிவத்தார்தான் எங்கள் வீட்டுக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத் தலைவரும் அவரே. நாலு வருடத்தில் எகிப்தண்ணை யாழ்ப்பாணத் தமிழைக் கதைக்கப் பழகியதுமல்லாமல், மரக்கறிப் பெட்டிகளில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகிவிட்டார்.

"அண்ணை, பால் முடிஞ்சுபோச்சு" என்று சொன்னால் போதும், கேத்தல் கொதிக்குமுன் சந்திக் கடைக்குப் போய்ப் பாலோடு வந்து நிற்பார். ஆனால் ஒரு சிக்கல். முதலில் வேறு யாராவது எழும்பி வாசல்வரை போகவேண்டும். அதைப் பார்த்தபிறகுதான் ஆள் கதிரையை விட்டு அசைவார். பால் வாங்கப் போகாதவன் பால் வாங்கப் போவதுபோல நடிக்கவேண்டிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ரயில் கதவு திறந்தாலும் அதே கதை. "எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டபடி, மற்றவர்கள் எல்லாரும் புறப்படும்வரை பிளாட்போமில் நிற்பார். கடைசிக் கிழவியும் ஏறியபின் காலைத் தூக்குவார், கதவு மூடும். விம்பிள்டன் கோயில் அன்னதானத்தில் எல்லாரும் போகட்டும் என்று நின்று நின்று, நாலு வருடத்தில் ஒரு வடையைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "அண்ணை, விசரே உங்களுக்கு? ஏன் இப்பிடிக் கடைசியாய் நிக்கிறியள்?"

மேலே போய், மெத்தைக்குக் கீழிருந்து ஒரு துணியை எடுத்துவந்தார். முதுகில் குத்தி ஓடுகிற இலக்கத் துணி, ஊசிகள் இன்னும் அதிலேயே இருந்தன. கூடவே மடித்த ஒரு பேப்பர்த் துண்டு.

"நான் எகிப்துக்கு ஓடினன் தம்பி. நூறு மீற்றர். அரபு நாட்டுப் போட்டி, ஆபிரிக்கப் போட்டி எல்லாம் ஓடினன். பன்னிரண்டு வருசம் ஓடி, கடைசியில உலகப் போட்டிக்குப் போனன்."

"போய்?"

"ஓடவே இல்லை."

அந்த நாளில் சட்டம் விசித்திரமானது. முதல்தடவை யார் வெடிக்கு முந்திப் பாய்ந்தாலும் பொதுவாக எல்லாருக்கும் எச்சரிக்கை. இரண்டாம்தடவை பாய்கிறவர், முன்பு பாயாதவர் என்றாலும், வெளியே. முதலில் பாய்ந்தது யாரோ ஒருவர். இரண்டாவதாக இவர், ஒரு கண்சிமிட்டல் நேரம் முந்தி. பேப்பரை விரித்துக் காட்டினார். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் எத்தனை செக்கன் என்று ஒரு நம்பர் இருந்தது. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வெறும் கோடு.

"அதுக்குப் பிறகு கால் பயந்திட்டுது. வெடி கேட்டாலும் எழும்பாது. ரீமில இருந்து எடுத்துப்போட்டினம். அந்தக் கோட்டோடயே என்ர கதை முடிஞ்சுபோச்சு. ஒருக்கா, ஒரேயொருக்கா, இதில ஒரு நம்பர் வந்தாப் போதும் தம்பி."

எனக்குப் பாவமாய்ப் போய்விட்டது. இதைச் சிவத்தாரிடம் சொன்னேன். அவர் பாவப்படவில்லை, அவருடைய கண் மின்னியது. சங்கத்தின் கோடைகால விளையாட்டுப் போட்டியில் அவருடைய அணியான சிவப்பு இல்லம் வருடாவருடம் தோற்றுக்கொண்டிருந்தது.

"முப்பத்தைஞ்சு வயசுக்கு மேற்பட்டோர் நூறு மீற்றர். போடு பெயரை!"

போட்டியன்று பீ.ரி. மாஸ்ரர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு எகிப்தண்ணையை அண்ணாந்து பார்த்தார். எங்களுக்கெல்லாம் ஊரில் உடற்பயிற்சி படிப்பித்தவர் அவர். "இவர் எப்ப எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவர்?"

"படிக்கேல்லை சேர். ஆனா நான் சிவப்பு இல்லம். ஓட விடுவியளோ?"

மாஸ்ரர் மைதானத்தில் இங்கிலிஷில் கத்திக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இதுகளிலும் பார்க்க இவர் நல்லாத் தமிழ் கதைக்கிறார். ஓடட்டும்."

ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு நேரங்காப்பாளர். எகிப்தண்ணைக்கு நான். ஸ்டொப்வோச்சோடு முடிவுக்கோட்டில் நின்றேன். சுடுகிற துவக்குக்கு அனுமதியில்லாததால் மாஸ்ரர் இரண்டு பலகையை அடித்துத்தான் ஓட்டத்தைத் தொடங்குவார். அவர் கையை உயர்த்தியதுதான் தாமதம், வண்டியும் தொந்தியுமாய் ஒருவர் முந்திப் பாய்ந்து பத்து மீற்றர் ஓடிவிட்டார். வேறு யார், சிவத்தார்!

ஊரில் என்றால் "சரி, திரும்பி வாரும்" என்பதோடு முடிந்திருக்கும். மாஸ்ரர் பேப்பர் வாசிக்கிற மனிதர். சர்வதேசச் சட்டம் தனக்குத் தெரியும் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"இது எல்லாருக்கும் எச்சரிக்கை! இனி ஆர் பாய்ஞ்சாலும் வெளியில!"

நூறு மீற்றருக்கு அப்பாலிருந்தும் எகிப்தண்ணையின் முகம் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. ஐயோ கடவுளே, அதே கதை திரும்பவும்.

பலகை அடித்தது. ஏழு பேர் ஓடினார்கள். எகிப்தண்ணை குந்தியபடியே இருந்தார். சனம் எழும்பி நின்று "ஓடுங்கோ அண்ணை!" என்று கத்தியது. ஆள் அசையவில்லை.

பாதி வழியில் சிவத்தார் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் நின்றேவிட்டார். தன்னுடைய ஓட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"எகிப்து! எல்லாரும் வெளிக்கிட்டாச்சு! வா ராசா!"

அப்போதுதான் அந்தக் கால் எழும்பியது. அப்படியொரு ஓட்டத்தை நான் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டு வந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது மூன்றாமிடம். சிவப்பு இல்லம் வழக்கம்போலத் தோற்றது. சிவத்தாரைக் கேட்டதற்கு, "அது கிடக்கட்டும், ஆள் ஓடினானே" என்று கண்ணைத் துடைத்தார்.

எகிப்தண்ணை மூச்சிரைக்க நேரே என்னிடம் வந்தார். "தம்பி, என்ர நம்பர்?"

சான்றிதழில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இது சரியோ?"

"ஓம் அண்ணை, சரி."

இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் உண்மையைச் சொல்கிறேன். பலகைச் சத்தத்துக்கு நான் ஸ்டொப்வோச்சை அமத்தவில்லை. அவருடைய கால் எழும்பும்வரை காத்திருந்தேன். அவர் எகிப்துக்குத் திரும்பிப் போய்க் கனகாலம். எழுத்துக்கூட்டி இதை வாசித்தாரென்றால் கட்டாயம் கோபம் வரும். வரட்டும். என்னைத் திட்டிப் பேசுவதற்காவது ஒருமுறை வாங்கோ அண்ணை, நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டாச்சு, உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.