மலையேறி வந்த கோடிச் சேலை

பழவங்காடிப் பிள்ளையார் துணை
திருவனந்தபுரம், 1973 கார்த்திகை

சௌபாக்கியவதி தங்கை பகவதியம்மாளுக்கு, அண்ணன் பூதலிங்கம் ஆசீர்வாதம் சொல்லி, கைநாட்டுக்காரன் ஆனபடியால் அடுத்த வீட்டு விஜயத்தைக் கொண்டு எழுதுவிப்பது. இவ்விடம் நான் சுகம். அவ்விடம் நீ சுகமாக இருப்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்தேன். அதனால்தான் இப்படி ஒரு கடிதம் எழுதும்படி ஆயிற்று. மாப்பிள்ளை தாணுமாலையன் இதை வாசிக்க ஆரம்பித்ததும் நீ காதைப் பொத்திக்கொள்வாய். பொத்திக்கொள். மாப்பிள்ளை, நீங்கள் சத்தமாக வாசியுங்கள்.

போன மாதம், மலைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊரிலிருந்து வாழைக்காய் லோடு கொண்டுவருகிற வேதமாணிக்கம், கொல்லத்துக்குப் போகிற வழியில் தம்பானூரில் லாரியை நிறுத்தி, நான் மாவாட்டுகிற ஹோட்டல் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “பாட்டா, ஒங்க தங்கச்சிக்கு மேலுக்குக் கொஞ்சம் சொகமில்ல. ஒடனே வரச் சொன்னாவ. பதறாண்டாம், காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றான். நீயே சொல்லம்மா, நம்ம ஆட்களில் எவனாவது இன்றுவரைக்கும் செத்த சேதியைச் செத்தது என்று சொல்லியிருக்கிறானா? நம் அப்பா கிணற்றடியில் விழுந்து போனபோது வந்தவன் “லேசா மயக்கம்” என்றான். பெரியப்பாவை எரித்துச் சாம்பலும் கரைத்த பிறகு வந்தவன், “கொஞ்சம் அசதியாக் கெடக்காரு” என்றான். என் பெண்டாட்டி பேறுகாலத்துக்குப் போன இடத்திலிருந்து வந்தவனும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பச் சொன்னான். அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆகையால் வேதமாணிக்கம் காப்பி என்று சொன்ன அந்த நொடியிலேயே நீ எனக்குச் செத்துப்போனாய்.

பிணத்தைத் தூக்குமுன் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். நம் வீட்டில் மிச்சம் இருக்கிறவன் நான் ஒருத்தன். என் மகள் கல்யாணப் பந்தியில் உன் இலைக்குப் பப்படம் வைக்காமல் போனார்கள் என்று எழுந்து போனவள் நீ. போகிற போக்கில், “என் கட்ட வேகும்போதுகூட ஒன் கோடி என் மேல படப்படாது” என்று சபையில் சொன்னவளும் நீதான். மறக்கவில்லை. ஆனாலும் செத்த பிறகு உன்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்? பழவங்காடியில் சாத்தின கடையைத் தட்டித் திறக்கவைத்து அரக்குச் சேலை ஒன்று வாங்கினேன். கடைசி பஸ் போய்விட்டது, புனலூர்ப் பக்கம் மண் சரிந்து ரயில் இல்லை, விடிந்தால் பந்த், ஒரு சக்கரம் உருளாது. அப்போதுதான் என் மச்சினன் பிச்சுமணி, தோசைக்கல்லைத் துடைத்துப் போட்டுவிட்டு, “மலையேறிப் போயிருவோம் அத்தான். அரிசி கடத்துன காலத்துல நான் நடக்காத வழியா?” என்றான்.

எஸ்டேட் லாரியில் கல்லாறு தாண்டி மேலே இறங்கும்போது விடியவில்லை. தேயிலைத் தோட்டத்துக் காவல்காரன் எங்களைப் பார்த்து, “அப்பூப்பா, மஞ்ஞு இறங்குந்நு, திரிச்சுப் போ” என்று, பனி இறங்குவதைக் காட்டி, திரும்பிப் போகும்படி கும்பிடாத குறையாகச் சொன்னான். பிச்சுமணி கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் மூடுபனி வந்து மலையை விழுங்கி, மரத்தை விழுங்கி, கடைசியில் பிச்சுமணியின் கையிலிருந்த பீடி மட்டும் தெரிந்தது. மூன்றாவது தரம் அதே பாறைக்கே வந்து நின்றபோதுதான் உண்மையைக் கக்கினான்: அரிசி மூட்டையோடு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறானே தவிர, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு நாளும் நடந்து போனதில்லையாம், வெறுங்கை என்றால் பஸ்தானாம். “திருப்பிப் பாத்தா எல்லாம் வேற மாதிரில்லா இருக்கு அத்தான்” என்கிறான். பின்பக்கமாக நடலே என்றேன். நடந்தான். பள்ளத்தில் விழுந்தான். அட்டை அவன் காலை ஒரு பக்கமும் என் காலை ஒரு பக்கமும் தின்றது. கணவாய் உச்சியில் காற்று என்றால் அப்படியொரு காற்று. பிச்சுமணிக்குப் பல்லெல்லாம் கிட்டிப்போயிற்று, அவன் கண் என் கக்கத்திலிருந்த சேலைப் பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

“செத்தவியளுக்குக் குளிராது அத்தான். எனக்குல்லா குளிருது.”

“உடுத்தா அது கோடி இல்லலே, பழந்துணி.”

“அப்ப எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கியிருக்கலாம்லா. கொஞ்ச நேரத்துல தேவப்படும்.”

அங்கே அவனை இருக்கச் சொல்லிவிட்டு நான் தள்ளிப் போய், பனிக்குள் ஆள் தெரியாத இடத்தில் உன்னிடம் பேசினேன். பப்படத்துக்கு மாப்புக் கேட்டேன். சின்னதில் உன்னைத் தோளில் வைத்துக் கோவில் கொடைக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். செத்தவளிடம் பேச எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

பொழுது சாயக் காரையாறு இறங்கி, அணைக்கட்டு லாரி ஏறி, உன் தெருமுனைக்கு வந்ததும் முறைப்படி தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். நான் அழுததைப் பார்த்து உன் தெருவும் அழுதது. பொம்பளைகள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். உள்ளே நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாய்.

“யாருண்ணே செத்தா?” என்று கேட்டாய்.

கால் முழுக்க ரத்தத்தோடு நின்ற பிச்சுமணிதான், “நீங்கதான் மைனி” என்றான்.

நீ சேலையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். “பப்படம் வைக்க மறந்தவன், கோடி கொண்டார மட்டும் மறக்கலயே” என்று கதவைச் சாத்தினாய். மாப்பிள்ளை பின்வாசல் வழியாக வந்து, காய்ச்சல் வேகத்தில் நீயாகத்தான் “அண்ணனைப் பாக்கணும்” என்று சொல்லி ஆளனுப்பினாய் என்று சொன்னார். மலையில் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா. அண்ணனைப் பார்க்கணும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது பட்டதுதான் பாடு.

நீ அருவருத்த அந்தச் சேலையைத் திரும்பும் வழியில் தாமிரபரணியில் விட்டுவிட்டேன். இனி அந்தப் பீடை நம் நடுவில் இல்லை. ஒரு தரம் கதவைத் திற. நான் உள்ளேகூட வரவில்லை, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். தாலியும் குங்குமமுமாக, என் வயதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நீ இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் கும்பிடு. பிச்சுமணி உன் சுகத்தைக் கேட்டதாக எழுதச் சொல்கிறான்.

இப்படிக்கு,
அண்ணன் பூதலிங்கம் (கைரேகை)

பின்குறிப்பு: விஜயம் கடிதத்தை ஒட்டப் போகிற சமயம் வேதமாணிக்கம் வந்து நிற்கிறான். உனக்கு மேலுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். “உள்ளதச் சொல்லுலே, உசிரோட இருக்காளா?” என்று சட்டையைப் பிடித்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல பாட்டா, பதறாண்டாம்” என்று வேறெங்கோ பார்க்கிறான். ஆகையால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். சேலையை ஆற்றில் விட்டேன் என்று மேலே எழுதியது பொய். சேலை கல்லுப்போல அப்படியே இருக்கிறது, வேப்பிலை போட்டுப் பெட்டியடியில் வைத்திருந்தேன். இப்போது பைக்குள் அடியில் அது, மேலே ஒரு கட்டுப் பப்படம். நீ எழுந்து வந்து கதவைத் திறந்தால் பப்படம். அடியில் என்ன என்று கேட்காதே. யார் செத்தது என்று மட்டும் இன்னொரு தரம் கேள். விஜயம் காப்பி ஆற்றி வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடப்போவதில்லை.