பீவரிடம் யார் பேசுவது?

மதிப்பிற்குரிய மச்சான் லைனஸ் அவர்களுக்கு,

எல்வுட் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை லியோனாவும் இங்கே நலம். நகரத்தில் உங்கள் முதுகுவலி நலமா?

நான் ஊர் மன்றத்துக்குத் தேர்வானதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இங்கே வந்து சேர்ந்தது. ஆனால் விஷயம் இப்போது சிரிப்பாக இல்லை. ஏரியின் வடிகாலில் ஒரு பீவர் மரங்களைக் கடித்துப் போட்டு அணை கட்டிவிட்டது. தானாக விளையும் ஏரி நெல் இப்போதுதான் தண்ணீர்மேல் இலை விரித்துக் கிடக்கிறது. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால் வேரோடு பிடுங்கிக்கொள்ளும், இந்த வருஷம் ஊருக்கே அரிசி இல்லை. புது உறுப்பினர் என்ற மிதப்பில் கடப்பாரையோடு போய் அணையை உடைத்தேன். விடிந்து பார்த்தால் அணை முன்னைவிட உயரம், உச்சியில் செருகியிருப்பது என் துடுப்பு! தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுத்தான் கட்ட வருகிறதா, இல்லை என்மேல் வீம்பா என்று தெரியாமல் மண்டை குடைந்தது, கரையிலேயே உட்கார்ந்து பார்த்தேன், கொசுக்களுக்கு நல்ல விருந்து.

மாகாண அதிகாரி பொறி வைக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். தலைவி மார்சலின் அத்தை, "எங்க ஏரி, நாங்க பேசிக்கிறோம்" என்று போனை வைத்துவிட்டார். மன்றத்தில் பேசுகிறவர் பிடிக்கும் கழுகு இறகு கைமாறி வந்தது. இறகு அடுத்தவர் கையில் இருக்கும்வரை வாய் திறக்க முடியுமா, எனக்கு நாக்கு அரித்தது. என் கைக்கு வந்ததும், "நாமளே பொறி வெச்சிரலாம்" என்றேன். அத்தை இறகை வாங்கி, "டேய் எல்வுட், அதுவும் இங்கதான்டா குடியிருக்கு. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? பீவர் குலத்து ஆளு போயிப் பேசட்டும்" என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். தேடுகிற வேலை என் தலையில். நான் கரடிக் குலம், தெருவில் பார்த்தவரெல்லாம் நாரை, மீன். லியோனாவிடம் புலம்பினால், "நல்லாத் தேடுங்க" என்று வலையைத் தைக்கிறாள். கடைசியில்தான் உங்கள் நினைவு வந்தது. உங்கள் அப்பா பீவர் குலமாயிற்றே!

ஆகவே முதுகுவலியைப் பார்க்காமல் உடனே புறப்பட்டு வாருங்கள். ஏரியும் முன்னோரும் உங்களுக்கு வழித்துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் எல்வுட்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் லியோனா வாங்கிப் படித்தாள். "அண்ணனுக்கு அப்பான்னா எனக்குச் சித்தப்பாவா? உங்களக் கட்டிக்கிட்டா குலம் மாறிடுமா?" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவளே ஒரு பிடி புகையிலையும் நீளமான தண்ணீர்க் குழாய் ஒன்றும் எடுத்துப்போய், புகையிலையைக் காணிக்கையாகத் தண்ணீரில் இட்டு, அணைக்குள் குழாயைச் செருகி, குனிந்து ஏதோ மெல்லப் பேசிவிட்டு வந்தாள். தண்ணீர் குழாய் வழியே சத்தமில்லாமல் இறங்கிவிட்டது, நெல் பிழைத்தது, பீவர் குழாயைத் தொடவே இல்லை. "அதுகிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டேன். "அது எங்க வீட்டு விஷயம், வெளியாளுக்கு எதுக்கு?" என்கிறாள். மச்சான், நீங்களாவது கேட்டு எழுதுங்கள்.