இரண்டு விரல் வெள்ளைக் காகிதம்

இனிமேல் கல்யாணராமன் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று பவுல்சாமி சபதம் எடுத்தது காலைக் காபிக்கு முன்னால். காபி முடிந்ததும் மாடியேறிவிட்டார்.

சாந்தோமில் ஒரே கட்டடம். கீழ்வீட்டில் பவுல்சாமி, மேல்வீட்டில் கல்யாணராமன். இருவரும் ரிட்டயர்டு. இருவருக்கும் ஒரே பைத்தியம்: நூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் இயற்கைக்காட்சிப் படங்கள். மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்துக் கையால் தேய்த்து அச்சடித்தவை. பனியில் கோயில், நிலவில் படகு, மழையில் பாலம். அந்த மழைப்பாலம் இருவரிடமும் இருந்தது. அதே பாலம், அதே மழை, அதே குடை. ஆனால் கல்யாணராமன் படத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம். பதிப்பாளரின் முத்திரை அதில்தான் இருக்கும்; ஓரம் இருந்தால்தான் படத்துக்கு மதிப்பு. பவுல்சாமியின் படத்தில் அந்த ஓரத்தை எந்தப் பாவியோ, எந்தக் காலத்திலோ, ஃபிரேமுக்கு அளவாக வெட்டி எறிந்துவிட்டான்.

வெற்றுக் காகிதத்தைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் சென்னையில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"இன்னிக்கும் போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி ஃப்ளோரா.

"சர்க்கரை கேக்கப் போனேன்."

"நம்ம வீட்லயே ரெண்டு கிலோ இருக்கே?"

"இருந்தா என்ன? ஓரத்தைத் தடவித் தடவிக் காட்டுறாரு, ஃப்ளோரா! என் படத்தைப் பத்தி என்ன சொல்றாரு தெரியுமா? 'பரவால்ல, நடுவுல நன்னாத்தான் இருக்கு'ங்கிறாரு!"

ஃப்ளோரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அவர் இன்னும் செவுத்துலதான் மாட்டியிருக்காரா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. விஷயம் தெரிஞ்சவங்க மாட்ட மாட்டாங்களாமே. பெட்டியில பூட்டி வெச்சு, ஆள் வந்தா கையைக் கழுவச் சொல்லி, ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவாங்களாம். எங்க ஸ்கூல் டிராயிங் டீச்சர் சொன்னாங்க. செவுத்துல மாட்றது காலண்டராம்."

காலண்டர்! பவுல்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணராமன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தான் வாங்கப்போகும் பெட்டி முன்னால் காத்திருப்பதை அப்போதே கண்ணால் கண்டார்.

அன்றே சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடித் தேக்குப் பெட்டிக்குச் சொன்னார். விஷயம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று, பெட்டி வரும்வரை மாடிப்படியில் கால் வைக்கவில்லை. சனிக்கிழமை பெட்டி வந்தது. படங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஃப்ளோரா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா, மெதுவா" என்றாள். ஒட்டடை அடிக்கும்போதுகூட அவருக்கு ஸ்டூல் பிடிக்காதவள். மனிதர் அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செபமாலையில் கோத்துக்கொண்டு, விசில் அடித்தபடி மாடியேறினார்.

கல்யாணராமன் கதவைத் திறந்தார். அவர் பூணூலிலும் ஒரு சாவி தொங்கியது.

"வாங்கோ. படம் பாக்கணுமா? மொதல்ல கையை அலம்பிண்டு வாங்கோ."

"என்னது?"

"செவுத்துல மாட்டறதுக்கு அது என்ன காலண்டரா? நீங்க எல்லாத்தையும் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேளாமே! புதன்கெழமையே என் ஆத்துக்காரி ரத்னா சொன்னா. நான் விடுவேனா? அன்னிக்கே கழட்டிட்டேன்!"

"புதன்கிழமையா? நான் இப்பத்தானே பூட்டிட்டு வரேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணராமனின் முதுகுக்குப் பின்னால், மழைப்பாலம் இருந்த சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புத்தம்புது டி.வி.

பவுல்சாமி இரண்டிரண்டு படியாக இறங்கினார். ஹாலில் இரண்டு பையன்கள் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரா சோபாவில் சாய்ந்து ரிமோட்டின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ளோரா! என்ன இதெல்லாம்?"

"டி.வி.ங்க. ரெண்டா எடுத்தா தள்ளுபடின்னாங்க. நானும் ரத்னாவும் போன மாசமே பாண்டி பஜார்ல பாத்து வெச்சுட்டோம். செவுருதான் காலியாகாம இருந்துது."

கோபம் வர வேண்டிய இடம். பவுல்சாமிக்கு வந்தது அது இல்லை. மேல்வீட்டுச் சுவரை மனசுக்குள் ஒருமுறை அளந்து பார்த்தார்.

"ரெண்டுல எது பெருசு?"

"அவங்களோடதுதான்" என்றாள் ஃப்ளோரா.