பாதிக்கு மேல் தெரிந்தால்தான் ஆள்

கம்ப்யூட்டரோடு சண்டை போடாதவர் இந்தக் காலத்தில் யாரும் இல்லை. ஆனால் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து, “மொதல்ல நீ எறங்குடா” என்று கத்தி, அதன் ஒயரைப் பிடுங்கி எறிந்தவர், எனக்குத் தெரிந்து எங்கள் கண்டக்டர் ஒருவர்தான். கோபத்துக்கு உலகப் போட்டி வைத்தால் கோப்பை திருவண்ணாமலைக்குத்தான் வந்திருக்கும். அதை வாங்க மேடை ஏறுகிற வழியில் நடுவரிடமும் நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆபீஸ் அடையாள அட்டையில் அச்சடித்திருந்தார்கள். அதை யாரும் படித்ததில்லை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடிய மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியவர். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டதால், ஐம்பது வயதுக்கு மேல், செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் வேலை இதுதான். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று தெருத் தெருவாகப் போய்ப் படம் எடுக்கும். அந்தப் படங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். ஆள், மாடு, ஆட்டோ, மூட்டை என்று தெரிகிற ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம் வரைந்து பெயர் போட வேண்டும். நாங்கள் போடுவதைப் பார்த்துப் பார்த்து, டிரைவர் இல்லாமல் ஓடும் கார் ஒன்று கண்ணால் காண்பதற்குக் கற்றுக்கொள்ளுமாம்.

“டிரைவர் இல்லாத வண்டியா? அப்ப கண்டக்டரு?” என்று முதல் நாளே கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு ஏறிய கோபம் கடைசி வரை இறங்கவில்லை.

அவர் வரைந்த கட்டங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் என்னை ‘செக்கிங்’ என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் செக்கிங்காரர்கள் மேல் அவருக்கு இருபத்திரண்டு வருடப் பகை. அதை வட்டியோடு என்னிடம் தீர்த்துக்கொண்டார்.

பிரச்சினை ஒரே ஒரு விதியில் ஆரம்பித்தது. ஓர் ஆளின் உடம்பில் பாதிக்கு மேல் தெரிந்தால்தான் ‘ஆள்’ என்று போட வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் முகூர்த்த நாளில் மினி பஸ் பக்கம்கூட வந்திருக்க மாட்டான். பௌர்ணமிக் கூட்டத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தால், எனக்கு ஒன்பது பேர் தெரிவார்கள். கண்டக்டர் பதினான்கு கட்டம் போட்டு வைத்திருப்பார்.

“இங்க எங்கண்ணா ஆளு?”

“தூணுக்குப் பின்னால.”

“தூண்தான தெரியுது?”

“தூணுக்கு எதுக்குய்யா செருப்பு? டிக்கெட் எடுக்காதவன் எப்பவும் இப்படித்தான் நிப்பான். இருபத்திரண்டு வருஷம் பாத்துக்கினு இருந்தவன் நானு. பாதி தெரியலன்னா ஆளு இல்லியா? அப்ப அவனுக்கு அர டிக்கெட்டா குடுத்தேன்?”

அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழிப்பேன். ஒவ்வொரு அழிப்புக்கும் அவர் மதிப்பெண் குறையும். மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே போனால் வேலை போய்விடும். இதை அவருக்கு எடுத்துச் சொன்னால், “எறக்கி வுடறவன் எறக்கி வுடட்டும், நான் எண்றத எண்ணுவேன்” என்பார்.

ஒருமுறை ஆசிரமத்துப் பக்கம் எடுத்த படம் வந்தது. மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரர் தியானத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் அதற்குச் ‘சிலை’ என்று போட்டிருந்தார்கள். கண்டக்டர் எழுந்து நின்று மொத்த ஆபீசையும் கூப்பிட்டார். “செலைக்கு எங்கனா கொசு கடிக்குமா? மொழங்காலப் பாருங்கய்யா, சொறிஞ்ச கோடு இருக்குது!” பெரிதாக்கிப் பார்த்தால் இருந்தது. அதே வாரம் ஒரு கல் நந்தியை நான் ‘மாடு’ என்று விட்டுவிட்டேன். அதைக் கீழே மெஸ் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இந்தக் கதை எப்படியோ பெங்களூரில் இருந்த ஒரு மேடத்தின் காதுக்குப் போனது. மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ச்சி செய்பவர். அதைத் தெரிந்துகொண்டு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. எங்கள் ஆபீசுக்கே வந்து, ஒரு படத்தைக் கண் சிமிட்டும் நேரம் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று எங்களைக் கேட்டார். நாங்கள் எல்லாம் “ரோடு”, “கூட்டம்” என்று வழிந்தோம். கண்டக்டர், “பதினோரு பேரு. ஒரு அம்மா இடுப்புல கொழந்த. பின்னால ஒருத்தன் எவன் பையிலயோ கை வுடறான்” என்றார். மேடம் அசந்துபோனார்.

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“இதுல தெரியறதுக்கு இன்னாம்மா இருக்குது? தோள் ஒரு பக்கம் சாஞ்சா கொழந்த இருக்குது.”

கண் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, கொஞ்சம் பார்த்துவிட்டு மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது, இவர் மூளை அந்த வேலையில் தேர்ந்திருக்கிறது என்று மேடம் எங்களுக்கு விளக்கினார். ‘மூளை’ என்ற சொல்லை யாரோ தன்னைப் பற்றி மரியாதையாகச் சொன்னதில் கண்டக்டருக்கு வெட்கம் வந்துவிட்டது. நான் பார்த்த ஒரே வெட்கம் அது. ஐந்து விநாடி இருந்தது.

பிறகு அவர் தலையில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினார்கள். உள்ளே கம்ப்யூட்டரில் செய்த தெரு, கம்ப்யூட்டரில் செய்த மனிதர்கள். சாலையோரம் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். கண்டக்டர் ஓடும் பஸ்ஸில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றார். அரை நிமிடம் கழித்து, “யோவ், ஓரமா போய்யா! காது கேக்கல?” என்று கையை வீசினார். கை என் மூக்கில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடத்திடம் பாய்ந்தார்.

“இதுல ஒருத்தன்கூட ஆளு இல்லம்மா. எல்லாம் பொம்ம.”

“ஏங்க, நல்லாத்தான செஞ்சிருக்கோம்?”

“வண்டி வந்தா நம்மூரு ஜனம் தலைய தூக்கி போர்ட பாக்கும். நம்ம பஸ் இல்லன்னா மூஞ்ச திருப்பிக்கும். இவனுங்க எவனும் ஏறவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. நான் வர்றதையே பாக்காதவன நான் ஏன் பாக்கணும்?”

மேடம் வேகவேகமாக எழுதிக்கொண்டார். போகும்போது அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எங்கள் டீம் லீடருக்கு இது பிடிக்கவில்லை. அந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் “கைடுலைன்ல இல்ல” என்பார். அதனால் அவர் பெயரே கைடுலைன்.

அடுத்த வாரம் அந்தப் படம் வந்தது. கிரிவலப் பாதையில், நிருதி லிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரம். அடியில், தார் ரோட்டை ஒட்டி ஒரு காவித் துணி மூட்டை. தலை இல்லை, கை கால் இல்லை. எல்லோரும் ‘மூட்டை’ என்று போட்டோம். கண்டக்டர் ‘ஆள்’ என்று போட்டார். நான் அழித்தேன். அவர் மறுபடி போட்டார். நாலு முறை இப்படி ஆனது.

“பக்கத்துல சொம்பு இருக்குது பாரு. மேல தடி குறுக்க இருக்குது. மூட்ட தன் மேல தடி வெச்சிக்குமா? சாமியாரு படுத்துனு கீறாருய்யா. இத மூட்டன்னு சொல்லிக் குடுத்தா, நாளைக்கு அந்தக் காரு இன்னா பண்ணும்? மூட்ட மேல ஏத்தினு போவும்!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைடுலைன் என்னிடம் வந்தார். இன்னும் ஒரு தப்பு இருந்தாலும் கண்டக்டரைத் திங்கட்கிழமை அனுப்பிவிடுவோம் என்றார். கண்டக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பாஸ்வேர்டைப் போட்டு, அவர் பெயரிலேயே உள்ளே போய், அந்தப் படத்தில் ‘மூட்டை’ என்று மாற்றினேன். பழைய படங்களில் மிச்சமிருந்த தூணுக்குப் பின்னால் நின்ற ஆட்களையும் ஒழித்துக்கட்டினேன். மதிப்பெண் ஏறியது. நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

திங்கட்கிழமை காலையில் அவர் கண்டுபிடித்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “வா” என்று கையைப் பிடித்து இறக்கி, தன் மொபெட்டில் உட்கார வைத்து, சுள்ளென்ற வெயிலில் நிருதி லிங்கத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். புளியமரம் இருந்தது. மூட்டையும் இருந்தது.

“எழுப்பு.”

நான் தயங்கினேன். அவர் இடுப்பிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். மூட்டை விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, “எவன்டா அவன்? மனுசன தூங்க வுட மாட்டீங்களா?” என்றது.

“சாமி, இவரு உங்கள மூட்டன்னு எழுதிட்டாரு.”

சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா மூட்ட?”

“வெறும் மூட்ட சாமி.”

“அரிசி மூட்டன்னு எழுதியிருந்தாகூட பரவால்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போர்த்திக்கொண்டார். அவரையும் கண்டக்டர் விடவில்லை. “ரோட்ட ஒட்டியா படுப்பாங்க? தள்ளிப் படுங்க, உள்ள எவ்வளோ எடம் இருக்குது!” என்று அதட்டி, பத்தடி உள்ளே நகர்த்திய பிறகுதான் கிளம்பினார்.

ஆபீசுக்கு வந்து கைடுலைன் முன்னால் நின்றோம். நான் நடந்ததைச் சொன்னேன். கைடுலைன் அசரவில்லை. “அங்கிள், ரோட்ல இருக்கலாம். போட்டோல ஆள் இல்ல. இதோ பாருங்க, கம்ப்யூட்டரே மூட்டைன்னுதான் சொல்லுது” என்று திரையைக் காட்டினார்.

“அதுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தது? நாமதான? நாம பொய் சொல்லிக் குடுப்போம், அது திருப்பிச் சொல்லும், அதையே நாம சாட்சிக்குக் கூப்புடுவோமா?”

“மொதல்ல நீ எறங்குடா!” அப்போதுதான் கம்ப்யூட்டர் பஸ்ஸை விட்டு இறங்கியது. ஒயர் அவர் கையோடு வந்துவிட்டது. கண்டக்டரும் அன்றே இறங்கினார். படியில் நின்று என்னைப் பார்த்து, “என் பேர்ல நீ டிக்கெட் கிழிச்சிட்டல்ல?” என்றார். கைடுலைன் மேல் எனக்குக் கோபம், கம்பெனி மேல் கோபம். எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதம் கழித்து மேடம் போன் செய்தார். மனிதரும் விதியும் முட்டிக்கொள்கிற படங்கள்தான் தனக்கு வேண்டும், கண்டக்டர் சண்டை போட்ட படங்களையெல்லாம் அவர் போட்ட கட்டத்தோடு அனுப்புங்கள், இயந்திரத்துக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்றார். கம்பெனியும் சரி என்றது. கட்டங்கள் எங்கே இருந்தன? எல்லாவற்றையும் நான் அழித்திருந்தேன். நானே திரும்பப் போட உட்கார்ந்தேன். எனக்கு ஒருத்தரும் தெரியவில்லை. தூண் தூணாகவே இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். வேறொரு மினி பஸ்ஸில் சேர்ந்திருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், “செக்கிங் வீட்டுக்கேவா வந்துட்ட?” என்றார்.

“தப்பு பண்ணிட்டேண்ணா. உங்க கட்டமெல்லாம் வேணும்.”

வாசலிலேயே கால் மணி நேரம் திட்டினார். பிறகு உள்ளே விட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். கண்டக்டர் படத்துக்குப் படம் விரலை வைத்தார், நான் வரைந்தேன். சாமியார் மறுபடி ஆள் ஆனார். தூண்களுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

கடைசியில் தேரடி வீதி டீக்கடை ஒன்றின் படம். முகங்களையெல்லாம் கம்பெனியே மங்கலாக்கித்தான் அனுப்பும். கேஸ் சிலிண்டருக்கும் விளம்பரத் தட்டிக்கும் நடுவே விரலை வைத்தார். அங்கே ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.

“இதையும் அழிச்ச.”

“மொழங்கை மட்டும்தானண்ணா இருக்குது.”

“யாரு மொழங்கைன்னு பாரு.”

உற்றுப் பார்த்தேன். விளங்கவில்லை.

“டீய ஊதறப்ப மொழங்கைய கோழி றெக்க மாதிரி தூக்கறவன் இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான். நீதான்யா அது. மொத நாளு இந்தப் படம் வந்தப்பவே பாத்துட்டேன்.”

என் கையில் அவர் வீட்டு இரண்டாவது டீ இருந்தது. முழங்கை தூக்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு, “தன்னையே அழிச்சவன் செக்கிங்காம் செக்கிங்கு” என்று திட்டியபடி, என்னைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து ‘ஆள்’ என்று போட்டார்.

என் வீட்டில் இருப்பவர்கள்கூட என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று டீயை மெதுவாகவே குடித்தேன்.